சுவருக்கு இந்தப் பக்கம்

பக்கத்துக் கடை மெக்கானிக் வேண்டுமென்றே ஏதோ ஒரு மோட்டாரை ஓட்டித் தன் உயிரை எடுக்கிறான் என்ற எண்ணம் அவளுக்கு மழைக்காலத்தின் தொடக்கத்தில் வந்தது. சலவைக்கடைக்கு மழைக்காலம் கெட்ட காலம். தங்கும் விடுதிகளிலிருந்து விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும், காயத்தான் இடம் இருக்காது. உலர்த்தும் டிரம் ஓயாமல் உருண்டுகொண்டே இருக்கும். கடைக்குள் சோப்பு வாடையும் ஈர வாடையும் கலந்து, மூக்கைத் துடைத்தால்கூடத் துணி ஈரமாகத்தான் இருக்கும்.

கீழே கடை, மேலே வீடு. கணவர் துவைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வார். கறை எடுப்பது அவள் பொறுப்பு. காப்பிக் கறை, உதட்டுச் சாயம், ரத்தம், எதுவென்று தெரியாத மஞ்சள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தண்ணீர், ஒரு பொடி, ஒரு பொறுமை. கணவரின் அக்கா, அவர்களோடேயே இருக்கும் நாத்தனார், இஸ்திரி உருளையிலிருந்து வரும் விரிப்புகளை வாங்கி அவளோடு சேர்ந்து மடிப்பாள். ஆளுக்கு இரண்டு முனை. இழுத்து, உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். எந்தச் சண்டையானாலும் ஒரு விரிப்புக்கு ஒருமுறை முகத்துக்கு முகம் வந்தே ஆக வேண்டிய வேலை அது.

பகலில் இயந்திர இரைச்சலில் ஒன்றும் தெரியாது. கடையைச் சாத்திவிட்டு மேலே வந்து தலையைச் சாய்த்தால் ஆரம்பித்துவிடும். உஷ்... உஷ்... உஷ்... வலது காதோரம், பழைய கம்ப்ரசர் ஒன்று மூச்சுவிடுவது போல. வலப்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் மெக்கானிக்கின் கடை. ஊரில் கெட்டுப்போன குளிர்சாதனப் பெட்டியெல்லாம் அங்கேதான் வரும்.

"ஏங்க, கேக்குதா?"

"எது?"

"அவன் மோட்டாரு. உஷ் உஷ்னு."

கணவர் எழுந்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "மழைதான் கேக்குது."

"மழைக்கும் மோட்டாருக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள். சத்தமும் கூடவே திரும்பிப் படுத்துக்கொண்டது. இப்போது வலது காது ஜன்னல் பக்கம். அப்படியென்றால் ஜன்னலுக்கு வெளியே போகிற குழாய் வழியாக விடுகிறான் என்று அவள் முடிவு செய்தாள். கடைக்குப் பின்னால் இருந்த சிற்றறையைத் தனக்கு விடச் சொல்லி மெக்கானிக் ஒருமுறை கேட்டிருந்தான். சோப்பு மூட்டை வைக்க இடமில்லை என்று அவள்தான் மறுத்தாள். அந்த வஞ்சம்தான். இல்லாவிட்டால், ஈர மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் படியேறும்போது மட்டும் மோட்டார் ஏன் இரண்டு மடங்கு வேகமாக ஓட வேண்டும்? அவள் ஏறும் காலடியை அவன் காது கொடுத்துக் கேட்கிறான். கேட்டுக்கொண்டே வேகத்தைக் கூட்டுகிறான். மேலே வந்து உட்கார்ந்து மூச்சு அடங்கினால் அவனும் அடங்குகிறான். என்ன ஒரு நெஞ்சழுத்தம்!

ஒருநாள் நேராகப் போய்க் கேட்டுவிட்டாள்.

"ஏம்ப்பா, ராத்திரியெல்லாம் என்னத்த ஓட்டற?"

அவன் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். "ராத்திரி நான் இங்க இருக்கறதே இல்லக்கா. பூட்டிட்டு வீட்டுக்குப் போயிடறேன்."

"ஆள் போனா மோட்டார் ஓடாதா?"

"மெயினையே அணைச்சுட்டுத்தான்க்கா போறேன்."

பதில் உடனே வந்தது. அதனாலேயே அவளுக்குச் சந்தேகம் கூடியது. கட்டட உரிமையாளரிடம் புகார் சொன்னாள். அவர் பெரிய மனிதத் தோரணையோடு வந்து, வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே மெக்கானிக் கடைக்குள் நுழைந்து, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்து, சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவன் சலவைக்கடைப் பக்கம் தேநீர் குடிக்க வருவதும் நின்றது.

நின்றது என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அவள் கறைத் தொட்டியில் கை விட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் கணவரும் மெக்கானிக்கும் தலையைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருப்பதை இரண்டுமுறை பார்த்தாள். அவள் எட்டிப் பார்த்ததும் ஒருவர் மழையைப் பார்த்தார், இன்னொருவன் செருப்பைப் பார்த்தான். சாப்பிடும்போது கணவரும் நாத்தனாரும் ஏதோ பேசிக்கொண்டிருப்பார்கள். அவள் ரொட்டித் தட்டோடு வந்தால் பேச்சு சட்டென்று சோப்புக்குத் தாவும்.

"அண்ணி, உங்க தம்பி என்ன சொல்றாரு?" விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"என்ன சொல்றான்? ஒண்ணும் சொல்லல. நல்லா இழுத்துப் பிடி, சுருங்குது."

"ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசறீங்க. நான் வந்தா வாயை மூடிக்கிறீங்க."

நாத்தனார் நடந்து வந்து முனையோடு முனை சேர்த்தாள். முகம் கிட்டே வந்தது. கண் மட்டும் வேறெங்கோ இருந்தது. "நீ சரியா தூங்கறதில்லடி. தூக்கம் கெட்டா மனுஷிக்குக் கண்டதும் தோணும்."

"எனக்கு எதுவும் தோணல. கேக்குது."

"அதான் சொல்றேன்."

வார விடுமுறை மதியம் ஒன்று. தெருவே கதவடைத்திருந்தது. மழை விட்டிருந்தது. கணவர் செய்தித்தாளைப் புரட்டியபடி, போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டார்: "இப்ப கேக்குதா அந்தச் சத்தம்?"

"கேக்காம? லீவு நாள்ல இன்னும் ஜோரா ஓட்டறான்."

கணவர் தாளை மடித்து வைத்தார். பிறகு வந்து, இதுவரை இல்லாத கரிசனத்தோடு அவள் தலையைத் தடவினார். அந்தத் தடவலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இந்த மனுஷன் எதையோ முடிவு செய்துவிட்டார் என்று பட்டது.

ஏற்கனவே காது டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. காதில் மாட்டும் கருவியைப் போட்டு, மணிச் சத்தம் விட்டுப் பார்த்து, காதில் ஒரு குறையும் இல்லை, ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிட்டார். இப்போது கணவர், தூக்கத்துக்கு ஒரு நல்ல டாக்டர் இருக்கிறார், வா என்றார். நாத்தனாரும் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு கூடவே கிளம்பினாள். தூக்க மருந்து வாங்க இவள் எதற்கு?

மூன்றாவது மாடியில் கதவுக்குப் பக்கத்தில் பலகை தெரிந்தது. மனநல மருத்துவர்.

அவள் படியிலேயே நின்றுவிட்டாள். படியேறிய வேகத்தில் மோட்டார் காதுக்குள் தடதடவென்று ஓடியது.

"இதுக்குத்தானா ரெண்டு பேரும் சேந்து திட்டம் போட்டீங்க? என்னைப் பைத்தியம்னு எழுதி வாங்கறதுக்கு?"

"யாரும் அப்படிச் சொல்லல..."

"சொல்லாம கூட்டிட்டு வந்திருக்கீங்க. அது இன்னும் மோசம்."

சத்தம் கேட்டு டாக்டரே கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். வயதானவர், கசங்கிய சட்டை. அவள் பார்வை அந்தக் கசங்கலின்மேல்தான் முதலில் போனது. "உள்ள வந்து திட்டுங்கம்மா. இங்க எதிரொலிக்குது" என்றார்.

உள்ளே கணவர்தான் பேசினார். மழைக்காலத்திலிருந்து ஆரம்பித்து, மோட்டார், கட்டில், உரிமையாளர் என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "சோதிச்சே பாத்துட்டோம் சார். போன லீவு அன்னைக்கு மெக்கானிக்க விட்டு எல்லா மோட்டாரையும் அணைச்சு, பிளக்கைக்கூடப் பிடுங்கிட்டோம். அப்பவும் கேக்குதுன்னா" என்றார்.

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். செய்தித்தாள். போகிற போக்கில் கேட்ட கேள்வி. தலையைத் தடவிய கை. "அவன்கூடச் சேந்துக்கிட்டா?" என்று மட்டும் கேட்டாள். நாத்தனார் முந்தானையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "அந்தச் சத்தம் எப்படிம்மா இருக்கும்? ஒரே சீரா இழுக்குமா, விட்டு விட்டு வருமா?"

"விட்டு விட்டு. உஷ்... உஷ்..."

"படியேறினா?"

அவள் நிமிர்ந்தாள். இதை இதுவரை யாரும் கேட்டதில்லை. "வேகமா வரும். அவன் வேணும்னே..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

டாக்டர் அவள் மணிக்கட்டில் விரல் வைத்தார். "இப்ப கேக்குதா? ஒவ்வொரு தடவை கேக்கறப்பவும் மேசையில தட்டுங்க."

அவள் தட்டினாள். அவர் நாடியைப் பிடித்தபடியே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, வலது காதுக்குப் பின்னால் எலும்புக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார்.

"இப்ப?"

"நின்னுடுச்சு."

விரலை எடுத்தார். "இப்ப?"

"வருது."

அவர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, நெஞ்சில் வைக்காமல், காதுக்குப் பின்னால் வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, குழாயைக் கழற்றிக் கணவரின் காதில் மாட்டினார். "நீங்களே கேளுங்க."

கணவரின் முகத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு புருவம் ஏறியது, வாய் கொஞ்சமாகத் திறந்தது. துணி கிழியும் சத்தத்தைக் கேட்டவர் மாதிரி சட்டென்று குழாயிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"ஐயோ" என்றார். "ஓடுது."

நாத்தனாரும் கேட்டாள். கேட்டவள் அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இது என் கேஸ் இல்லம்மா" என்றார் டாக்டர். "உங்க மனசு நல்லா இருக்கு. கொஞ்சம் கோவம் இருக்கு, அது நியாயமான கோவம். தலையில ரத்தக்குழாயைப் படம் எடுத்துப் பாக்கணும். தள்ளிப் போடாதீங்க."

பெரிய மருத்துவமனையில் குகை மாதிரி ஒரு இயந்திரத்துக்குள் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். அது போதாதென்று தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய குழாயை ரத்தக்குழாய்க்குள் விட்டு, மருந்தைச் செலுத்தி இன்னொரு படம். விழித்தபடியேதான் கிடந்தாள். மருந்து ஏறியபோது, இஸ்திரி உருளைக்கு முன்னால் முகத்தைக் கொண்டுபோனது போலக் கன்னமும் கண்ணும் சுட்டு அடங்கின.

வைத்தியம் செய்யப்போகிற டாக்டர் ஒரு பெண். அதிகம் சிரிக்காதவர். திரையில் படத்தைக் காட்டினார். "இது வேகமா ரத்தம் கொண்டுபோற குழாய். இது திரும்பி எடுத்துட்டு வர்ற குழாய். ரெண்டுக்கும் நடுவுல முடியைவிட மெல்லிசா ஒரு வலை இருந்து வேகத்தைக் குறைக்கணும். உங்களுக்கு மூளையைச் சுத்தியிருக்கற உறையில, இந்த இடத்துல, வலை இல்லாம ரெண்டும் நேரா சேந்துடுச்சு. அந்தப் பாய்ச்சல்தான் சத்தம். சத்தம் மட்டும்னா விட்டுடலாம். ஆனா இங்க பாருங்க, ரத்தம் பின்வாங்கி மூளைப் பக்கமே போகுது. அந்தக் குழாய் அழுத்தத்தைத் தாங்காது. வெடிக்கலாம்."

"என்ன செய்வீங்க?" என்றார் கணவர்.

"தொடை வழியாவே போய், சேந்த இடத்துல பசை மாதிரி ஒரு மருந்தை விட்டு அடைச்சிடுவோம். மண்டையைத் திறக்க வேண்டியதில்ல."

வெளியே தாழ்வாரத்தில் நாத்தனார் வெடித்தாள். "கோளாறு தலையில, ஓட்டை தொடையில! அப்புறம் பசையாம். செருப்பா ஒட்டறாங்க? எவளோ ஏமாந்தவ கெடைச்சான்னு பாக்கறாங்கடா தம்பி."

"எனக்கும் அப்படித்தான் படுது" என்றார் கணவர். "ஒரு டாக்டர் காது நல்லா இருக்கு, போன்னாரு. இன்னொருத்தர் மனசு நல்லா இருக்குன்னாரு. இந்தம்மா வெடிக்கும்ங்குது. யாரைன்னு நம்பறது? இன்னும் ரெண்டு இடத்துல கேப்போம்."

அவள் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "நான் சொன்னப்ப நம்பல. உங்க காதால கேட்டீங்க. இப்ப படத்துல காட்டறாங்க, அதையும் நம்பல. யார் சொன்னாத்தான் நம்புவீங்க?"

"பயமா இருக்கு" என்றார் அவர்.

இவ்வளவு நாளில் அவர் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் அவளுக்குப் பட்டது. ஆனால் அவளுக்கும் நம்பிக்கை வந்துவிடவில்லை. செவிலி சிரித்தால் ஏன் சிரிக்கிறாள் என்று தோன்றியது. டாக்டர் சிரிக்காவிட்டால் எதை மறைக்கிறார் என்று தோன்றியது. அவள் தனியாக எழுந்து போய் அந்தப் பெண் டாக்டரின் கதவைத் தட்டினாள்.

"நீங்களேதான் செய்வீங்களா? படிக்கற பசங்கள விட்டுச் செய்வீங்களா?"

"நான்தான் செய்வேன். உதவிக்கு ரெண்டு பேர் இருப்பாங்க."

"யாருக்காவது தப்பாப் போயிருக்கா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "போயிருக்கு. போக வேண்டாத குழாய்க்குள்ள மருந்து கொஞ்சம் போயிடுச்சு. நடுத்தர வயசுக்காரர், தச்சு வேலை. ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துடுச்சு. இப்ப நடக்கறார். உளியைப் பிடிக்க முடியல."

"அவர்கிட்ட முன்னாடியே இதெல்லாம் சொன்னீங்களா?"

"ஆபத்து இருக்குன்னு சொன்னேன். அவர் கேக்கல, நானும் இவ்வளவு விரிவாச் சொல்லல. அதுக்கப்புறம் கேக்காட்டியும் சொல்றேன். உங்ககிட்டயும் சொல்லியிருப்பேன், நாளைக்கு. செய்யாம விட்டா இருக்கற ஆபத்து அதைவிடப் பெரிசுன்னு நெனைக்கறேன். அதனாலதான் செய்யச் சொல்றேன்."

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து சுற்றியிருந்த எல்லாரும் அவள் நன்மைக்காக அவளிடம் எதையாவது மறைத்திருந்தார்கள். இந்த ஒருத்தி, மறைத்தால் தனக்கு லாபம் என்ற விஷயத்தை மேசையில் எடுத்து வைக்கிறாள்.

"செய்ங்க" என்றாள். "அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

சிகிச்சை நாள் காலை தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது கணவர் கதவு வரைக்கும் விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே வந்தார். விரிப்பில் மூலையில் சரியாகப் போகாத ஒரு அயோடின் கறை. "சரியா வெளுக்கல பாரு" என்றார், பேச வேறு எதுவும் கிடைக்காமல். "வெந்நீர்ல போட்டிருக்காங்க, அதான்" என்றாள். அந்தப் பேச்சோடு கதவு சாத்திக்கொண்டது. மயக்க மருந்துக்காரர் மூச்சை இழுக்கச் சொன்னார். உஷ்... உஷ்... அதற்குமேல் தெரியாது.

கண் விழித்தபோது தொண்டை வறண்டு எரிந்தது. வலது காலை மடக்கக்கூடாது என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினாள். பல்லைக் காட்டச் சொன்னார்கள், காட்டினாள். பெயரைக் கேட்டார்கள், சொன்னாள். தலை கனத்தது. ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று பிடிபடவில்லை. பிடிபட்டதும் கையைக் கொண்டுபோய் வலது காதைத் தடவினாள்.

"என்னம்மா தேடறீங்க?" என்றாள் செவிலி.

"காதுல பஞ்சு வெச்சிருக்கீங்களா?"

"இல்லையே."

அவள் காதுக்குள் விரல் விட்டே பார்த்தாள். பஞ்சு இல்லை. ஒருவேளை காதையே செவிடாக்கிவிட்டார்களோ? இடது காதைப் பொத்திக்கொண்டு, "அந்தக் கம்பியைத் தட்டும்மா" என்றாள். செவிலி கட்டில் கம்பியை நகத்தால் தட்டினாள். டிங். வலது காதில் தெளிவாகக் கேட்டது. "இன்னொரு தடவை." டிங். டிங்குக்கும் டிங்குக்கும் நடுவில் எதுவுமே இல்லை.

பெண் டாக்டர் வந்தபோது முகத்தில் முகமூடி பதிந்த தடம் இருந்தது. "முழுசா அடைபட்டிருக்கு. கொஞ்ச மாசம் கழிச்சு மறுபடி படம் எடுத்து உறுதி பண்ணிக்குவோம்" என்றார். அப்போதும் சிரிக்கவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

வீடு திரும்பியபோது மழைக்காலம் முடியும் தறுவாயில் இருந்தது. தொடையில் கன்றிப்போயிருந்த நீலம் மஞ்சளாக மாறி வந்தது. பாரம் தூக்கக்கூடாது என்பதால் நாத்தனார் இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டு, உட்கார்ந்தபடியே மடிக்கச் சொன்னாள். பெரிய விரிப்பை அப்படி மடிக்கவே முடியாது. இருவரும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள்.

நடக்க முடிந்ததும் அவள் முதலில் போனது மெக்கானிக் கடைக்கு. வாசலில் அவள் நிழல் விழுந்ததும் அவன் தாவிப் போய்க் கம்ப்ரசரை நிறுத்தினான்.

"என்னக்கா, சத்தமா?"

"இல்லப்பா. அதெல்லாம் இல்ல. ஓட்டு நீ." அவள் சொல்ல நினைத்து வந்தது வேறு. "உன்னைத் தப்பா நெனச்சுட்டேன். நாலு பேருக்கு முன்னால அவமானப்படுத்திட்டேன். மன்னிச்சுக்கப்பா."

அவன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். "அண்ணன் எல்லாம் சொன்னாரு. உடம்பு தேறினதுல சந்தோஷம்க்கா." பிறகு, அவளைப் பார்க்காமல், "பரவாயில்லன்னு சொல்லணும்னுதான் நெனைக்கறேன், வரமாட்டேங்குது. ஓனர் வந்து போனப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, தெரியுமா? எல்லாத்தையும் அணைச்சுட்டு, நானும் ஒருநாள் இந்தச் சுவத்துல காதை வெச்சுக் கேட்டேன். ஏதாவது ஓடுதோ, எனக்குத்தான் கேக்கலையோன்னு."

அவள் அந்தச் சுவரைப் பார்த்தாள்.

"நாளாகும்க்கா" என்றான் அவன். "நீங்க போய் உக்காருங்க. ரொம்ப நேரம் நிக்கக்கூடாதாமே."

அவள் வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே கம்ப்ரசர் மறுபடி ஓடுமென்று காத்திருந்தாள். அவள் வீட்டுப்படி ஏறும்வரை அவன் அதைப் போடவில்லை.

வீட்டில் கணவர் காலையில் எழுந்ததும் கேட்பார்: "கேக்குதா?" இல்லை என்பாள். சாப்பிட உட்கார்ந்தால் கேட்பார். படியேறி வந்தால் கேட்பார். இல்லை, இல்லை என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவர் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். உண்மையைத்தான் சொல்கிறாளா, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் பயந்து மறைக்கிறாளா என்ற பார்வை. அது அவளுக்கு அத்துப்படி. மழைக்காலம் முழுக்க அவள் எல்லாரையும் பார்த்த பார்வை அல்லவா?

தெரியாமல் வைத்த அந்தச் சோதனையைப் பற்றி அவள் ஒருமுறை பேச்செடுத்தாள். "என்கிட்டயே சொல்லியிருக்கலாமே, அணைச்சுப் பாப்போம் வான்னு" என்றாள். அவர் டிரம்மின் கதவைத் துடைத்தபடி, "சொல்லியிருக்கணும்" என்றார். ஆனால் அது தீர்ந்துபோனதாக அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு விடுமுறை மதியம். வெகு நாளுக்குப் பிறகு நல்ல வெயில். கஞ்சி குடித்துவிட்டு, ஜன்னலோரம் இடப்பக்கமாகச் சாய்ந்து கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்கவில்லை. கணவர் பூனை மாதிரி அடி வைத்து வருவது கேட்டது. கட்டிலருகே முழங்கால் சொடுக்கியது. பிறகு ஒரு வெதுவெதுப்பு. அவர் தன் காதை அவள் காதுக்குப் பின்னால், டாக்டர் விரல் வைத்து அழுத்திய அதே இடத்தில், மெல்லப் பொருத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மறுபடியும் தெரியாமல் சோதனையா? எழுந்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாய்வரை வந்தது. அவர் முகச்சவரம் செய்யாத கன்னம் கழுத்தில் குத்தியது. அந்தக் கன்னம் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க" என்றாள், கண்ணைத் திறக்காமல். "கேட்டாச்சா?"

அவர் துள்ளி விழவில்லை. திருட்டு முழி முழித்திருப்பார், அவள் பார்க்கவில்லை.

"ஒண்ணும் கேக்கல" என்றார். "கொஞ்சம் இரு. அந்தப் பக்கமும் பாத்துடறேன்."

அவள் தலையைத் திருப்பி, மறுபக்கக் காதைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.